பெட்டிக்குக் கட்டிய குருத்தோலை

கொண்டல் காற்று தொடங்கிவிட்டால் எங்கள் வாட்ரான் தீவில் ஒருத்தருக்கும் இருப்புக்கொள்ளாது. கடலில் இறங்க முடியாது, கடற்பாசி வளர்க்கும் கயிறு அறுந்துபோகும், துவைத்த துணி காயாது, வருகிறேன் என்று சொன்ன நாளில் கப்பல் வராது. ஆண்கள் கரைக்கு வந்து கடலைப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள், திரும்பவும் வந்து பார்ப்பார்கள். முறைத்துப் பார்த்தால் கடல் அடங்கிவிடுமா? போகிறவன் வருகிறவன் எல்லாம் என் கடை வாசலில் நின்று ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பற்றவைத்து, பேசிய பேச்சையே திரும்பப் பேசுவான்.

நான் புட்டோன் தீவுக்காரி. கல்யாணமான புதிதில் என் புருஷன் லா ஜும்மாவோடு சரக்கு வள்ளத்தில் வந்து இறங்கினவள். பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். ஆனாலும் ஊருக்கு நான் இன்னும் ‘புட்டோன் அக்கா’தான். அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் தொழுகிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கோழி அங்கே போகும், பெருநாளைக்கு அவர்கள் மீன் இங்கே வரும். ஊர்க்கூட்டத்தில் மட்டும் எனக்கு வாய் கிடையாது. அதற்கும் சேர்த்துத்தான் கடையில் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

அப்படியொரு காற்றுக் காலத்தில்தான் மொதெஸ்தா இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தாள். கரி போட்டுத் தேய்க்கும் பெட்டி ஊரிலேயே என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.

“பெட்டியக் குடுக்கா. ஒரு சட்டை தேய்க்கணும்.”

“பூசைக்கு இன்னும் நாள் கிடக்கே. யாரு சட்டைடி?”

“எங்க வீட்டுல சட்டை போடுற ஆம்பள எத்தன பேரு இருக்காங்க?”

அவள் புருஷன் கனிசியுஸின் வெள்ளைச் சட்டை. அவர்கள் மகள் மினா கோயிலில் புதுநன்மை வாங்கியபோது தைத்தது. அதை என் கடை மேசையிலேயே விரித்துப் போட்டுத் தேய்த்தாள். பொத்தான்களைச் சுற்றிப் பெட்டியை மெதுவாக ஓட்டினாள், பிளாஸ்டிக் பொத்தான், சூடு பட்டால் உருகிவிடும். எங்கள் பாறைத்திட்டில் கிடைக்கும் லோலாச் சிப்பியை வெட்டித்தான் எங்கோ பெரிய ஊர்களில் சட்டைக்குப் பொத்தான் செய்கிறார்களாம். எங்கள் ஊர்ச் சட்டை எதிலும் அந்தப் பொத்தானை நான் பார்த்ததில்லை.

“கப்பலு எப்பக்கா?” என்றாள்.

“காத்தக் கேளு. துவால் மடத்து சிஸ்டர் கிட்டருந்து சேதி வந்துச்சா?”

“வந்துருச்சு. ஹாஸ்டல் சமையக்கட்டுல எனக்கு வேலை. மினா அங்கயே பெரிய ஸ்கூல்ல படிக்கலாம். குடும்பத்தோட இருந்துக்க ஒரு ரூமும் தாராங்களாம்.”

“கனிசியுஸ் சரின்னுட்டானா?”

“கேட்டாத்தானே சரிங்கிறதுக்கு? இடது காதுல சொன்னா கேக்காது. வலது காதுல சொன்னா கேக்காத மாதிரி இருப்பாரு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆனால் தேய்த்த சட்டையை மடிக்கத் தெரியாதவள் போல மூன்று தடவை மடித்து மூன்று தடவை பிரித்தாள்.

கனிசியுஸ் எங்கள் தீவின் முங்குகாரன். மற்றவர்கள் பாதியில் திரும்பும் ஆழத்துக்கு அவன் போய்ச் சிப்பி எடுத்து வருவான். போன தடவை திட்டுத் திறந்தபோது அப்படிப் போனதில்தான் இடது காது போனது. அதற்குப் பிறகு திட்டுக்கு ஓலை கட்டிவிட்டார்கள். எங்கள் ஊரில் ஒன்றைச் சுற்றித் தென்னங்குருத்தோலை கட்டிவிட்டால் பேச்சு முடிகிறவரை அதன்மேல் யார் கையும் படக் கூடாது. கடலுக்குக் கட்டினாலும் அப்படித்தான், கருவாட்டுப் பந்தலுக்குக் கட்டினாலும் அப்படித்தான். என் கடைக்குப் பின்னால் ஒரு தென்னை நிற்கிறது. அது எங்களுடையதா பக்கத்து வீட்டுக்காரனுடையதா என்று வழக்கு வந்து, அவன் ஓலை கட்டிவிட்டான். வருஷக்கணக்காகக் காய் விழுந்து விழுந்து எங்கள் கண்ணெதிரே அழுகியது. இரண்டு வீட்டாரும் தேங்காயை அடுத்த தெருவில் வாங்கினோம். பன்றிகூட அந்தப் பக்கம் போகவில்லை என்றால் நம்புவீர்களா!

சிப்பி பெருக்கட்டும் என்று கட்டிய திட்டு ஓலை இந்தக் கொண்டல் ஓய்ந்ததும் அவிழும் என்று பேச்சு. போன வருஷமும் இதே பேச்சுத்தான். கனிசியுஸ் அதையே நம்பிக்கொண்டு இருந்தான்.

மரவள்ளி தோண்டிய அன்று மொதெஸ்தா என்னையும் கூப்பிட்டாள். கப்பலுக்கு எம்பால் ரொட்டி சுட வேண்டும். எங்கள் மரவள்ளி கசப்பு ஜாதி. துருவி, சாக்கில் கட்டி, மேலே பாறாங்கல் ஏற்றி, நஞ்சுத் தண்ணீர் முழுக்க வடிந்த பிறகுதான் சலித்துச் சுட முடியும். அவசரப்பட்டுத் தின்றவன் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், ஆஸ்பத்திரியோ கடலுக்கு அந்தப் பக்கம். மினா துருவினாள், நான் பிழிந்தேன், மொதெஸ்தா மண் அச்சை அடுப்பில் காயவைத்து மாவைக் கொட்டி மூடினாள். புகை வெளியே போக வழியில்லாமல் காற்று அதைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணெல்லாம் எரிச்சல். கனிசியுஸ் சமையற்கட்டு வாசலில் குந்தியிருந்து, முங்கும்போது போடும் மரச்சட்டக் கண்ணாடிக்குப் பிசின் வைத்துக்கொண்டிருந்தான்.

“எதுக்கு இவ்வளவு ரொட்டி?” என்றான்.

“கப்பல்ல மூணு பேரு திங்க வேணாமா?”

“எந்த மூணு பேரு?”

“மினா, நானு, நீரு.”

“நான் எப்ப வாரேன்னு சொன்னேன்?”

“வர மாட்டேன்னும் சொல்லலையே. சிஸ்டர் உமக்கும் வேலை பாத்து வச்சிருக்காங்க. தோட்ட வேலை.”

“தோட்டமா! கத்திரிச் செடிக்குத் தண்ணி ஊத்தவா எங்கம்மா என்னப் பெத்தா?”

“உங்கம்மா பெத்தப்ப ரெண்டு காதும் சேத்துத்தான் பெத்தா. ஒண்ண எங்க தொலைச்சீரு?”

நான் சிரித்துவிட்டேன். கனிசியுஸ் என் பக்கம் திரும்பினான். “சிரிங்கக்கா, நல்லாச் சிரிங்க. இவளுக்கு டவுனப் பத்தி என்ன தெரியும்? சின்ன வயசுல நான் துவால் துறைமுகத்துல மூட்டை தூக்கினவன். ஒருத்தன் பேரு கேக்கல. ‘ஏ தோளு, இங்க வா’ம்பான். ‘ஏ தோளு, அத எடு’ம்பான். தோளுதான் அங்க நான். இங்க நான் தண்ணிக்குள்ள போனா, மேல வர்ற வரைக்கும் ஊரே மூச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கும்.”

“ஊரு ஒரு நாளு புடிக்கும், நான் வருஷம் பூரா புடிக்கிறேன்” என்றாள் மொதெஸ்தா. அச்சின் மூடியை எடுத்தவள் அப்படியே நின்றாள். ரொட்டி கருக ஆரம்பித்துவிட்டது.

மினாதான் ஓடிப் போய் அச்சைக் கவிழ்த்தாள். “அப்பா, நீங்களும் வாங்கப்பா. அங்க ஸ்கூலு கொஞ்சம் தூரமாம். சைக்கிள்ல கொண்டு விடுவீங்கல்ல?”

“எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே பிள்ள” என்றான் கனிசியுஸ். அதைச் சொல்லும்போது அவன் முகம் விழுந்துபோனது. எந்தக் கடலுக்கும் பயப்படாத ஆள் அவன். அந்தச் சைக்கிளுக்கு அவன் பயந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“கொண்டல் ஓயட்டும்” என்றான் பிசினை விரலால் அழுத்திக்கொண்டே. “ஓலை அவிழ்க்கட்டும். ஒரே ஒரு தடவ. அப்புறம் உக்காந்து பேசுவோம்.”

“ஸ்கூலு கொண்டல் ஓயிற வரைக்கும் கதவத் தொறந்து வச்சிருக்குமா? கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து கேக்கிறேன். ஓலை அவிழட்டும், ஓலை அவிழட்டும். நீரு தண்ணிக்குள்ள முங்குறது கொஞ்ச நேரம். பேச்சுன்னு வந்தா முங்குறீரே, அது வருஷக்கணக்கு.”

அவன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்து கரைக்குப் போய்விட்டான். அடிக்கிற காற்றில் அங்கே என்ன வேலை? எல்லாரையும் போலக் கடலைப் பார்க்கத்தான்.

கப்பல் சொன்ன நாளில் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. ரொட்டியைப் பூசணம் பிடிக்காமல் எடுத்து எடுத்து அடுப்பு மேல் காய வைத்தாள் மொதெஸ்தா. மினா பள்ளிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தோள்பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பையோடேயே சாப்பிட்டாள், பையோடேயே தூங்கினாள். பிறகு ஒரு விடியற்காலையில், யாரும் எதிர்பாராத நேரத்தில், திட்டுக்கு வெளியே கப்பல் ஊதியது.

எங்கள் தீவில் கப்பல் கரைக்கு வராது. வெளியே நிற்கும், வள்ளத்தில் போய் ஏற வேண்டும். காற்றுக் காலத்தில் அது நிற்பதே பெரிய தயவு. ஊர் முழுக்கக் கரைக்கு ஓடியது. கொப்பரை மூட்டை, கோழிக் கூடை, அழுகிற குழந்தை என்று ஒரே களேபரம். என் புருஷன் வள்ளத்தைத் தள்ளப் போனார். நான் மொதெஸ்தாவின் துணிப்பெட்டியைத் தூக்கிவிடலாமென்று அவள் வீட்டுக்கு ஓடினேன்.

வாசலில் நான்கைந்து பேர் சும்மா நின்றார்கள். பெட்டி தூக்க வந்த வாலிபர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே நடுக்கூடத்தில் நீலப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. அதைச் சுற்றி, பூட்டுக்கு மேலே, பச்சை மாறாத குருத்தோலை முடிச்சுப் போட்டுக் கிடந்தது.

மொதெஸ்தா பெட்டிக்கு எதிரே நின்றாள். மினா சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். கனிசியுஸ் கிழிந்த பனியனும் அரைக்கால்சட்டையுமாகப் பின்வாசலில் நின்று வெளியே பார்த்தான். அவன் முதுகுதான் தெரிந்தது.

“பெரியவரக் கூப்பிடுங்க” என்று யாரோ சொன்னார்கள். ஊர்ப்பெரியவர் அகாபிடுஸ் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தார். வயதானவர், மெதுவாகத்தான் நடப்பார், அன்றைக்கு இன்னும் மெதுவாக நடந்ததுபோல எனக்குத் தோன்றியது. வந்து பெட்டியைப் பார்த்தார். வெற்றிலை கேட்டார். கப்பல் இரண்டாம் தடவை ஊதியது.

“யாரு கட்டினது?”

“நான்தான் பெரியவரே” என்றான் கனிசியுஸ், திரும்பாமலே.

“என்ன வழக்கு?”

“பேசணும். பேசித் தீக்கணும். அதுக்கு முன்னால போகக் கூடாது.”

“சரி, உக்காருங்க, பேசுவோம்” என்று பெரியவர் பாயைப் பார்த்தார். “ஓலைன்னா ஓலைதான். கட்டினவன் தனியா அவுக்க முடியாது. எவளுக்கு எதிரா கட்டினானோ அவளும் பக்கத்துல இருக்கணும். பேச்சு முடிஞ்சு, ரெண்டு பேரும் சரின்னு சொல்லி, என் முன்னால அவுக்கணும்.”

“பெரியவரே, கப்பலு நிக்கிது” என்றேன் நான். எனக்கு அங்கே வாய் கிடையாது என்பது மறந்துபோய்விட்டது.

“அடுத்த கப்பலு வராமப் போகுமாம்மா?”

“அது வர்றதுக்குள்ள ஸ்கூல்ல இடத்த வேற பிள்ளைக்குக் குடுத்துருவாங்க தாத்தா!” என்று மினா கத்தினாள். அந்தப் பிள்ளை பெரியவரிடம் குரல் உயர்த்தி அன்றுதான் கேட்டேன். யாரும் அதட்டவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு ஓலையைப் பிய்த்து எறிந்திருப்பேன். ஆனால் கை போகவில்லை. இத்தனை வருஷம் அழுகிய தேங்காயைப் பார்த்துக்கொண்டு இருந்த கைதானே.

மொதெஸ்தா பெட்டியைப் பார்த்தாள், புருஷனின் முதுகைப் பார்த்தாள். அப்புறம் பெரியவர் முன்னால் போய்த் தலை குனிந்து நின்றாள்.

“பெரியவரே, ஓலைய நான் தொடல. தொடவும் மாட்டேன். ஓலை எதுக்குக் கட்டியிருக்கு?”

“பெட்டிக்கு.”

“எனக்குக் கட்டியிருக்கா?”

பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே நின்றார்.

“இல்ல” என்றார்.

“எம் பிள்ளைக்கு?”

“இல்ல.”

“அப்ப பெட்டி இருக்கட்டும்” என்றாள் மொதெஸ்தா. “மினா, ரொட்டிக் கூடையத் தூக்கு.”

உடுத்திய துணியோடு இறங்கி நடந்தாள். மாற்றுத் துணி கிடையாது, போர்வை கிடையாது, தலை வாரச் சீப்பு கிடையாது. நான் குறுக்கே கடைக்கு ஓடி, தொங்கிய கைலியில் இரண்டை உருவி, ஒரு சோப்பையும் எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தேன். அவர்கள் எங்கள் வள்ளத்தில் ஏறிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அவற்றை மினாவின் மடியில் எறிந்தேன். கண்ணீரா கடல் தண்ணீரா என்று தெரியாமல் முகமெல்லாம் உப்பு.

கனிசியுஸ் கரைக்கு வந்து நின்றான். அவள் உண்மையிலேயே போவாள் என்று அவன் நினைக்கவே இல்லை. லா ஜும்மா எஞ்சினை இழுத்துவிட்டார். மொதெஸ்தா வள்ளத்தில் எழுந்து நின்று, விழுந்துவிடாமல் என் புருஷனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கரையைப் பார்த்துக் கத்தினாள்.

“மினா அப்பா! உம்ம சட்டையும் பெட்டிக்குள்ளதான் இருக்கு! எல்லாத் துணியும் அதுக்குள்ளதான்! நீரும் வருவீருன்னுதான் எடுத்து வச்சேன்!”

தண்ணீருக்குள் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவனுடைய கேட்காத இடது காது கடல் பக்கம் இருந்தது, எஞ்சின் இரைச்சல் வேறு. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான், அவள் திட்டுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ. வள்ளம் அலையில் ஏறி இறங்கிச் சின்னதாகிக்கொண்டே போனது.

நான் கரையேறி அவனுடைய வலது பக்கம் போய் நின்று, அவள் சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்ல வேண்டாமென்று ஒரு நிமிஷம் தோன்றியது, ஆனாலும் சொன்னேன். அவன் திரும்பி வீட்டைப் பார்த்தான், அப்புறம் கடலைப் பார்த்தான். கப்பல் கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஊரில் இதே பேச்சு. பெண் போனது சரியில்லை என்றார்கள் சிலர், பெட்டிக்கு ஓலை கட்டியவன் மடையன் என்றார்கள் சிலர். கனிசியுஸ் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆண்டவர் மேலும் கோபமா என்று என் கடையில் நின்று கேட்டார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், கோயிலுக்குப் போட்டுக்கொள்ள அவனிடம் சட்டை இல்லை. இருக்கிற ஒரு பனியனைச் சாயங்காலம் அலசி, காயக் காயக் கரையில் உட்கார்ந்திருப்பான். பெட்டி நடுக்கூடத்தில் கிடந்தது. பூட்டில் சாவிகூடத் தொங்கியது. ஓலை வெளுத்து, சுருண்டு, தொட்டால் உதிர்ந்துவிடும்போல ஆனது. அவன் தொடவில்லை. யாரிடமாவது சட்டை கேட்டிருக்கலாம். கேட்டால் ‘ஏன், உன் சட்டை எங்கே’ என்பார்கள். அதைச் சொல்லிக்கொள்ள அவனுக்கு வாய் வரவில்லை. நானும் கேட்காமல் கொடுக்கப் போகவில்லை. கொடுத்தால் வாங்கியிருக்க மாட்டான்.

துவாலுக்குப் போய்வந்த லா ஜும்மா சேதி கொண்டுவந்தார். மினா பள்ளியில் சேர்ந்துவிட்டாள். மொதெஸ்தா சிஸ்டர்களுக்கு எம்பால் சுட்டுக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறாள். தோட்ட வேலைக்கு இன்னும் ஆள் போடவில்லை. இதைக் கனிசியுஸின் வலது காதில் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். கப்பல் வந்தது, போனது. மறுபடி வந்தது, போனது.

கொண்டல் ஒருவழியாக அடங்கியது. கடல் தெளிந்து அடித்தரை தெரிய ஆரம்பித்தது. அகாபிடுஸ் பெரியவர் என் கடை வாசலில் நின்று, சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார்.

“சிப்பி பெருத்திருக்கு. வர்ற திங்கக்கெழம திட்டு ஓலைய அவுக்கிறோம். முங்குறவன் எல்லாம் ஆயத்தமாகுங்கப்பா.”

வாலிபர்கள் கூச்சல் போட்டார்கள். கனிசியுஸ் அங்கேதான் நின்றான், வலது காது பெரியவர் பக்கம் இருந்தது, கேட்காமல் இருக்க வழியில்லை. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். இதற்காகத்தானே இத்தனை காலம் காத்துக் கிடந்தான், பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு.

“என்ன கனிசியுஸு, கண்ணாடிய எடுத்துத் தொடச்சாச்சா?” என்றான் ஒருவன்.

“தொடச்சாச்சு, தொடச்சாச்சு” என்றான் இவன். கூட்டம் கலைகிறவரை நின்றான். பிறகு மேசைக்கு வந்து இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, கடைக்குள் தொங்குவதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“சிகரெட்டா?” என்றேன்.

“இல்லக்கா. அண்ணங்கிட்ட பழைய சட்டை ஒண்ணு இருக்குமா?”

“முங்குறதுக்கா சட்டை?”

“கப்பலுக்கு.”

உள்ளே போய் நேரமெடுத்துத் தேடுகிறவள் போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லா ஜும்மாவின் கட்டம்போட்ட சட்டையைக் கொண்டுவந்தேன். என் புருஷன் ஒல்லி. இவன் தோளுக்கு அது போதாது.

“கூட்டிட்டு வரப் போறியா தம்பி, கூட இருக்கப் போறியா?”

“தெரியலக்கா. போய் உக்காந்து பேசணும்.” சட்டையைப் பிரித்துத் தோளில் வைத்துப் பார்த்தான். “சைக்கிள் பழகுறது ரொம்பக் கஷ்டமாக்கா?”

“பிள்ளைங்கல்லாம் பழகுது. நீ பழக மாட்டியா?”

“சட்டையத் திருப்பிக் குடுத்துருவேன்” என்றான். எப்போது என்று நான் கேட்கவில்லை.

கப்பல் வர இன்னும் நாள் கிடந்தது. அவன் அப்போதே, என் கடை வாசலிலேயே, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டான். நெஞ்சுப் பொத்தான் பூட்ட எட்டவில்லை.